கரையில் நிற்கும் கமரா – 11: மாலைக்கண் பையனும் எண்பது நாள் இருட்டும்

சென்ற வாரம் பெரி பார்க்லேயை நியூசிலாந்தின் கிழக்குக் கரையில் நிறுத்திவிட்டு வந்தோம். துறவியாகப் போவதற்கு மடத்தில் படித்துவிட்டு, பாதியில் வெளியேறி, கமராவைப் பிடித்த மனிதர் அவர். கையில் இருந்தது தாமா பொவாட்டா எழுதிய கதை. 1948ஆம் ஆண்டு, கப்புவா என்ற கற்பனைக் கிராமம். ரொபாட்டா என்ற சிறுவன் இரத்தப் புற்றுநோயில் கிடக்கிறான். அவனுடைய கூட்டாளி தியோனே என்ன செய்வதென்று தெரியாமல் அந்த வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறான். ஊரே நம்பிப் பிழைக்கும் இறைச்சித் தொழிற்சாலையோ மூடப்படப் போகிறது. மஓரி ஒருவர் இயக்கிய முழுநீளக் கதைப்படம் என்று ஒன்று அதற்கு முன் இருந்ததில்லை. படம் முடிந்ததா, அதை யாரும் பார்த்தார்களா என்ற கேள்வியோடு பிரிந்தோம்.

முடிந்தது. ‘ங்காத்தி’ என்ற அந்தப் படம் 1987இல் பிரான்சின் கான் விழாவில், விமர்சகர் வாரப் பிரிவில் திரையேறியது.

விழாவைவிடப் பெரிய விஷயம், அந்தப் படம் எடுக்கப்பட்ட விதம். மூத்தவர் ஒருவர் பேசும்போது அவருடைய முகத்துக்கு முன்னால் கமராவையும் மைக்கையும் கொண்டுபோய் நீட்டுவது மரியாதை இல்லை என்பது பார்க்லேயின் கட்சி. 1974இல் ‘தங்காத்தா ஃபெனுவா’ தொலைக்காட்சித் தொடரை எடுத்த நாளிலேயே அவர் நீண்ட லென்ஸைப் போட்டுக்கொண்டு தள்ளி நின்றார். சபையில் வயதுக்கு இளையவன் எங்கே உட்கார வேண்டுமோ, அங்கே கமராவை உட்கார வைத்தார்.

2002இல் ஆற்றிய ஓர் உரையில் அவர் இந்த எண்ணத்துக்கு முழு உருவம் கொடுத்தார். வெள்ளையரின் கப்பல் கரைக்கு வருகிறது. இதுவரை எடுத்த படங்களில் எல்லாம் கமரா அந்தக் கப்பலின் மேல்தளத்தில்தான் நிற்கிறது. கரையில் நிற்கிறவர்கள் அதற்குத் தூரத்துப் புள்ளிகள். அந்தக் கமராவை இறக்கிக் கரையில் வைத்து, வருகிற கப்பலைப் பார்த்தால் என்ன தெரியும்? ஹொலிவுட் முதலாவது, கலைப்படம் இரண்டாவது, மூன்றாம் உலகப் படம் மூன்றாவது என்றால், ஆதிக்குடிகளின் சினிமாவை நான்காவது என்று எண்ணச் சொன்னார். நம்முடைய தொடருக்குத் தலைப்புக் கிடைத்ததும் அந்தப் பேச்சிலிருந்துதான்.

கப்பல் கமரா நமக்குப் புதிது அல்ல. செலிக்மன் தம்பதி 1908இல் இலங்கை வேடர்களைத் தேடி வந்து, 1911இல் புத்தகம் போட்டார்கள். நம்முடைய அம்பாறை மாவட்டத்திலேயே, மகா ஓயாப் பிரிவில், பொல்லேபெத்தவில் வேடர் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அவர்களைத் தேடிப் போகும் கமராக்களில் பெரும்பாலானவை இன்றும் வெளியிலிருந்து வாகனத்தில் வந்து இறங்கி, வில்லையும் தேனையும் எடுத்துக்கொண்டு பொழுது சாயும்முன் திரும்புகிறவைதான்.

இந்த வாரம் நான் கேட்க நினைப்பது அதற்கு அடுத்த கேள்வி. கமரா கரைக்கு வந்துவிட்டது என்று வையுங்கள். அது முதலில் எதைக் காட்டும்? மற்றவர்கள் நமக்குச் செய்ததைக் காட்டும். காட்டத்தான் வேண்டும். அந்தக் கணக்கு தீராமல் கிடக்கிறது. ஆனால் நாம் செய்ததை அது எப்போது காட்டும்? நம்முடைய பயம் நம்மை எதுவரை கொண்டுபோனது என்பதை, நம்முடைய பிள்ளை ஒன்றின் கண்ணால் காட்டும் துணிவு எந்த ஊருக்கு வரும்?

அப்படி ஓர் ஊர் இருக்கிறது. அதைப் பார்க்க இந்தியாவின் வடகிழக்கு மூலைக்குப் போக வேண்டும்.

*

மேகாலய மாநிலத்தின் மேற்குப் பக்கம் காரோ மலைகள். தெற்கே இறங்கினால் பங்களாதேஷின் சமவெளி. சங்மா, மரக், மொமின் என்று காரோக்களின் பெயர்களுக்குப் பின்னால் வருவதெல்லாம் குலப்பெயர்கள். அந்தப் பெயர் பிள்ளைக்குத் தாயிடமிருந்து வருகிறது. ஒரே குலத்துக்குள் கலியாணம் கூடாது. வீடும் சொத்தும் மகளுக்கு. பெரும்பாலும் கடைசி மகளுக்கு. அவளைக் கட்டுகிறவன் தன் உடுதுணியோடு அவள் வீட்டுக்கு வந்து சேருகிறான்.

இதை ஒரு தமிழ்நாட்டு வாசகருக்குச் சொல்வதென்றால் நான் ஒரு பக்கம் விளக்க வேண்டியிருக்கும். இறக்காமத்திலோ சம்மாந்துறையிலோ அக்கரைப்பற்றிலோ இருந்து படிக்கிறவருக்கு ஒரு வரி போதும்: நம்முடைய குடிமுறைதான். தாயின் குடிதான் பிள்ளையின் குடி, ஒரே குடிக்குள் சம்பந்தம் இல்லை, பள்ளிவாசல் நிர்வாகத்துக்குக் குடிக்கு ஒரு மரைக்கார் என்று இருந்த வழக்கம், மகளுக்கு வீடு கட்டி முடிக்கும்வரை நிமிராத வாப்பாவின் முதுகு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடி வருவது, எல்லாம் நமக்குத் தெரிந்தவை. கிழக்குக் கரையில் முஸ்லிம்களும் தமிழர்களும் பொதுவாக வைத்திருக்கும் இந்தத் தாய்வழி முறை, வங்காள விரிகுடாவுக்கு அப்பால் ஒரு மலைக்காட்டில், நம்மோடு இனத்தாலோ மொழியாலோ மதத்தாலோ எந்தத் தொடர்பும் இல்லாத மக்களிடம் வேறு ஒரு வேரிலிருந்து முளைத்து நிற்கிறது. எனக்கு இதை நினைக்க நினைக்க வியப்பு அடங்குவதில்லை.

ஆண்பிள்ளை பெரியவனாவதற்குக் காரோக்களிடம் ஓர் இடம் இருந்தது. நொக்பாந்தே என்று பெயர். ஊரின் கலியாணமாகாத இளைஞர்கள் ஒன்றாகத் தங்கும் பெரிய வீடு. கால் நட்டு உயர்த்திக் கட்டியது. பெண்கள் உள்ளே ஏறுவதில்லை. ஒரு வயதுக்குப் பிறகு பையன் தாய்வீட்டை விட்டு அங்கே போய்விடுவான். மூங்கில் பின்னவும் மேளம் அடிக்கவும் சண்டை போடவும் இருட்டில் நடமாடவும் மூத்தவர்கள் அங்கே பழக்குவார்கள். நம்மிடம் சுன்னத்துக் கலியாணமும் ஒஸ்தா மாமாவும் ஒரே நாளில் முடித்துவைக்கும் காரியத்தை அவர்கள் சில வருடங்களாக நீட்டி வைத்திருந்தார்கள்.

1863இல் ஓமெட், ராம்கே என்ற இரண்டு காரோக்கள் குவாஹாட்டியில் ஞானஸ்நானம் பெற்றார்கள். அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷன் மலையேறியது. பின்னால் கத்தோலிக்கரும் வந்தார்கள். பள்ளிக்கூடம் வந்தது, மருந்து வந்தது, காரோ மொழிக்கு எழுத்து வந்தது. நொக்பாந்தே மெல்ல மெல்ல ஒழிந்துபோனது. இருட்டில் நடக்கப் பழக்கிய வீடு போன பிறகு, பையன்களுக்கு இருட்டைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க யார் மிஞ்சினார்கள்?

தேவாலயமும் ஊர்வாயும்.

*

டொமினிக் சங்மா அந்தக் காலத்தின் பிள்ளை. கிராமத்தில் வளர்ந்தவர். இரண்டு வயதில் தாயை இழந்தார். கொல்கத்தாவில் சத்யஜித் ராய் பெயரிலுள்ள திரைப்படக் கல்லூரியில் இயக்கம் படித்தார். படித்தவர்கள் மும்பைக்கு ரயில் ஏறும் நாளில் இவர் ஊருக்குத் திரும்பினார்.

முதல் முழுநீளப் படம் ‘மா.அமா’, 2018. அதன் கதாநாயகன் எண்பத்தைந்து வயதான அவருடைய சொந்த வாப்பா, பிலிப் சங்மா. நடிகர் அல்ல. முப்பது வருடங்களுக்கு முன் மௌத்தான மனைவியை மறுமையில் சந்திக்கப் போகிறேன் என்ற நம்பிக்கையிலேயே காலம் தள்ளுகிற ஒரு கிழவனாக, அதாவது தானாகவே, அவர் வருகிறார். ஒரு நாள் கண்ட கனவு அந்த நம்பிக்கையை ஆட்டிவிடுகிறது. மகன் கமராவுக்குப் பின்னால் நின்று, முகமே நினைவில்லாத தாயை வாப்பாவின் ஏக்கத்தின் வழியாகத் தேடுகிறான். அறுபத்தாறாவது இந்திய தேசிய திரைப்பட விருதுகளில் காரோ மொழியின் சிறந்த படமாக அது தேர்வானது.

அடுத்த படத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது தன்னுடைய சிறுவயது. கதை தன் குழந்தைக்கால நினைவுகளிலிருந்து வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். காரோப் பெயர் ‘ரிம்டொகிட்டாங்கா’. வெளிநாட்டு விழாக்களில் ‘ரப்ச்சர்’. தொழில்முறை நடிகர்களை நம்பாமல், தன் மக்களையே திரையில் நிறுத்தினார். ஒளிப்பதிவு தோஜோ சேவியர். இந்தியா, சீனா, சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து, கத்தார் என்று பல நாட்டுப் பணம் சேர்ந்து ஒரு மலைக்கிராமத்து மொழிப் படம் உருவானது. 2023 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் லொகார்னோ விழாவில் முதன்முதலாகத் திரையிட்டார்கள்.

*

படத்தில் ஓர் இரவு. காடு. ஊரே கையில் வெளிச்சத்தோடு மரங்களுக்கிடையில் திரிகிறது. சில்வண்டு பொறுக்குகிறார்கள், தின்பதற்கு. மேகாலயத்தின் ரி-போய் மாவட்டத்தில் நான்கு வருடத்துக்கு ஒருமுறை மட்டும் மண்ணுக்குள்ளிருந்து கூட்டம் கூட்டமாகக் கிளம்பும் ஒரு சில்வண்டு இனம்கூட உண்டு. உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நடக்கும் வருடமும் அது கிளம்பும் வருடமும் ஒன்றாக வரும். வண்டுக் காலம் அந்த மலை மக்களுக்கு ஒரு பெருநாள்.

அந்த வெளிச்சங்களுக்கு நடுவே ஒரு பையன் நிற்கிறான். பெயர் கசான். வயது பத்து. அவனுக்கு மாலைக்கண். பொழுது பட்டால் அவனுக்குப் பார்வை இல்லை. மற்றவர்களுக்கு விளையாட்டாக இருக்கும் இரவு அவனுக்குச் சுவராக இருக்கிறது.

அன்றிரவு காட்டுக்குப் போனவர்களில் ஒருவன் திரும்பி வரவில்லை.

பிள்ளை பிடிகாரர்கள் வந்திருக்கிறார்கள் என்று யாரோ சொல்கிறார்கள். யார் முதலில் சொன்னது என்று எவருக்கும் தெரியாது. மறுநாள் அது செய்தி. அதற்கு அடுத்த நாள் அது உண்மை. ஆண்கள் முறை வைத்துக் காவல் இருக்கத் தொடங்குகிறார்கள். இதே நேரத்தில் தேவாலயத்திலிருந்து இன்னொரு அறிவிப்பு: உலகம் எண்பது நாள் இருளப் போகிறது, ஆயத்தமாகுங்கள். மனிதன் மேல் பயம் ஒரு பக்கம், வானத்தின் மேல் பயம் மறு பக்கம். இரண்டுக்கும் நடுவில், ஒவ்வொரு நாளும் பொழுது பட்டதும் இருண்டுபோகிற பத்து வயதுக் கண்கள்.

ஊருக்கு வெளியார் யாராவது வந்தால் இப்போது என்ன நடக்கும்?

*

இந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு 2011ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்துக்கு, நம்முடைய தெருக்களுக்கு வருகிறேன்.

நோன்பு மாதம். தராவீஹ் முடிந்து ஆட்கள் வீட்டுக்குப் போகவில்லை. சந்திக்குச் சந்தி வாலிபர்கள் கையில் தடியோடு நின்றார்கள். உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு ஒருவன் வருகிறான், பெண்களைக் கீறிவிட்டு ஓடுகிறான், மதிலுக்கு மதில் பாய்கிறான், பிடித்தால் வழுக்கிவிடுகிறான். கிறீஸ் பூதம் என்றார்கள். பொத்துவிலிலிருந்து கிண்ணியாவரை கிழக்கு முழுவதும் ஒரே பேச்சு. வட்டைக்குள் வாடி போட்டுத் தனியே யானைக்குக் காவல் இருந்து பழகிய ஆண்கள், வீட்டு முற்றத்தில் நிற்கப் பயந்தார்கள். உம்மாமார் பின்வளவுக்குப் போக ஆள் துணை கேட்டார்கள். “மகன், மஃரிபுக்குப் பிறகு வெளியால போகாத” என்பது வீட்டுக்கு வீடு கேட்ட குரல்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. யுத்தம் முடிந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. முப்பது வருடமாக இரவில் வந்து கதவைத் தட்டியவர்கள் யாரும் நல்லதுக்கு வந்ததில்லை. சீருடையை நம்பவும் முடியாது, சீருடை இல்லாதவனையும் நம்ப முடியாது. கிண்ணியாவில் சனம் திரண்டு கடற்படை முகாமைச் சூழ்ந்துகொண்டது, ஓடியவன் அதற்குள் நுழைந்துவிட்டான் என்ற சந்தேகத்தில். ஆனால் அதே ஆகஸ்டில் புத்தளத்தில் கூட்டத்தின் கையில் ஒரு பொலிஸ்காரர் உயிர் போனது. மலையகத்தில் அப்புத்தளைப் பக்கத் தோட்டமொன்றில், பூதம் என்று பிடிபட்ட இருவர் அடித்துக் கொல்லப்பட்டார்கள்.

இறந்தவர்கள் மனிதர்கள். அடித்தவர்களும் பயந்த மனிதர்கள். நம்முடைய எழுத்திலும் பேச்சிலும் அந்த மாதத்தின் முதல் பாதி இருக்கிறது. இரண்டாம் பாதி இல்லை.

ஏழு வருடம் கழித்து வதந்தி நம்மைத் தேடி வந்தது. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரத்தில் முஸ்லிம் ஒருவருடைய சாப்பாட்டுக் கடை. கறியில் கிடந்த கட்டியைக் காட்டி, மலட்டு மாத்திரை போட்டிருக்கிறான் என்றார்கள். கடை உடைந்தது. பள்ளிவாசல் உடைந்தது. அடுத்த வாரம் கண்டியில் திகன பற்றி எரிந்தது. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது அந்தக் கட்டி வெறும் மாவு என்று தெரியவந்தது. அந்த இரவை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. அதை எழுதினோம், படித்தோம், ஜும்ஆவில் பேசினோம். வதந்தி எப்படி உயிர் வாங்கும் என்பதற்கு நாம் சாட்சி.

அதே 2018இல் இந்தியாவிலும் பிள்ளை பிடிகாரர் வதந்தி வாட்ஸ்அப்பில் ஊர் ஊராக ஓடியது. மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே, கோயிலுக்குப் போகும் வழியில் பிள்ளைகளுக்குச் சொக்லேட் கொடுத்த வயதான பெண் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். ஜூனில் அசாமின் கர்பி ஆங்லோங் மலையில், அருவி பார்க்கப் போன இரண்டு இளைஞர்களுக்கும் அதே கதி. டொமினிக் சங்மாவின் மலைகளிலிருந்து அது அதிக தூரமில்லை.

ஆகவே அவர் 2023இல் காட்டியது யாருக்கும் தெரியாத கதை அல்ல. யாரும் தன் ஊர்க் கதை என்று சொல்லிக்கொள்ளாத கதை.

*

வெளியார் ஒருவர் இதை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மலைவாசிகள், மூடநம்பிக்கை, கும்பல். மூன்று காட்சியில் முடிந்திருக்கும். படம் பார்த்தவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

இவர் அப்படிச் செய்யவில்லை. கமரா பெரும்பாலும் தள்ளியே நிற்கிறது, வெட்டாமல் நீண்ட நேரம் பார்க்கிறது. காவல் நிற்கும் ஆண்கள் பகலில் நல்ல தகப்பன்மார். ஜெபிக்கும் பெண்களின் நம்பிக்கை கேலிக்குரியதாக ஓரிடத்திலும் காட்டப்படவில்லை. அந்த நம்பிக்கைதான் அவர்களைச் சேர்த்து வைத்திருக்கிறது என்பதும் தெரிகிறது, அதன் வழியாகவே பயம் உள்ளே வந்தது என்பதும் தெரிகிறது. ஊர் முழுவதும் கசானுக்குச் சொல்கிறது: ஆபத்து வெளியே, இருட்டில், காட்டுக்குள் இருக்கிறது. இரவில் கண் தெரியாத அந்தப் பையன் பகலில் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்கிறான். பெரியவர்களின் முகத்தை, அவர்கள் பேச்சை நிறுத்தும் இடத்தை, திடீரென்று குரல் தாழ்வதை. அவன் வளர்வது அப்படித்தான். நொக்பாந்தேயில் மூத்தவர்கள் சொல்லிக்கொடுத்து அவன் தாத்தாமார் பெரியவர்கள் ஆனார்கள். இவன், மூத்தவர்கள் சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடித்துப் பெரியவனாகிறான்.

அவன் கடைசியில் எதைப் பார்க்கிறான் என்பதை இங்கே எழுத மாட்டேன். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான அந்தப் படத்தை உட்கார்ந்து பார்க்கிறவருக்கு உரிய இடம் அது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். இந்தப் படத்தைத் தன் ஊர்க்காரர்களை வைத்து, தன் ஊர்மொழியில், தன் ஊர்க் காட்டுக்குள் நின்று எடுக்க ஒரு மனிதனுக்கு இருக்க வேண்டிய அன்பு சாதாரணமானது அல்ல. குற்றம் சாட்டிவிட்டுப் போகிறவனால் இது முடியாது. அங்கேயே இருந்து, அடுத்த ஞாயிறும் அதே தேவாலயத்தில் அவர்களோடு உட்காரப் போகிறவனால்தான் முடியும். 2023ஆம் ஆண்டுக்கான இந்திய தேசிய விருதுகளை 2025 ஆகஸ்டில் அறிவித்தபோது, காரோ மொழியின் சிறந்த படம் மறுபடியும் அவருடையதாக இருந்தது.

நம்முடைய 2011 ஆகஸ்டையும் யாராவது இப்படி எடுக்க வேண்டும். தடியோடு நின்ற காக்காமாருக்கு நடுவில் நின்ற ஒரு தம்பியின் கண்ணால். அன்றைக்குப் பத்து வயதாக இருந்த பிள்ளைகள் இன்று கையில் நல்ல கமரா உள்ள வாலிபர்கள். கல்முனையிலும் நிந்தவூரிலும் கலியாண வீடியோ எடுத்துக் கை தேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவர் இதைப் படித்தால், இந்த அத்தியாயத்தை அவருக்கென்றே எழுதியதாக எடுத்துக்கொள்ளட்டும்.

ஆனால் கையில் கமரா இருந்தால் மட்டும் போதுமா? காரோ மலைக்குப் பல நாட்டுப் பணம் வந்து சேர்ந்தது. எல்லோருக்கும் அப்படி வாய்க்கவில்லை. அதற்குக் காலத்தில் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

கனடாவின் வடகோடி. இக்லூலிக் என்ற தீவு ஊர். தங்கள் இனுக்டிடுட் மொழியில் ஒரு நிகழ்ச்சியும் இல்லாத தொலைக்காட்சி எங்களுக்கு வேண்டாம் என்று 1975இலும் 1979இலும் வாக்களித்துத் தடுத்த ஊர் அது. அந்த ஊர்க்காரர் ஸக்கரையாஸ் குனுக், தான் செதுக்கிய கற்சிற்பங்களை 1981இல் மொன்றியலில் விற்று அந்தக் காசில் ஒரு வீடியோக் கமரா வாங்கி வந்தார். பதினேழு வருடம் கழித்து, 1998இல், முழுக்க முழுக்க இனுயிட்டுகளின் முதல் பெரிய கதைப்படத்தைத் தொடங்கினார்கள். கொலைகாரர் துரத்த, உடம்பில் ஒரு துண்டுத் துணியும் இல்லாமல், உருகத் தொடங்கிய கடற்பனியின் மேல் ஒருவன் உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற காட்சிதான் அதன் உயிர். அதை எடுக்க வசந்த காலத்தில் சில வாரங்கள்தான் உண்டு.

பாதியில் பணம் நின்றது. அந்த வசந்தம் கையை விட்டுப் போனது. அடுத்த பனிக்காலம் இறங்கியபோது, டிசம்பரில், கிழவர்களிடம் கதை கேட்டுக் கேட்டுத் திரைக்கதையை எழுதிய போல் அபாக் அங்கிலிர்க் புற்றுநோயில் இறந்துபோனார். படம் பாதியில் கிடந்தது. கடல் மறுபடியும் உறையத் தொடங்கியிருந்தது.

குனுக்கின் கையில் அப்போது மிஞ்சியிருந்தது என்ன?

(அடுத்த வாரம் தொடரும்)